பாதி வந்த சீர்திருத்தம்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தின் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு பழைய வரைபடம் கண்ணில் படும். திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், கொடைக்கானல். பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘அமெரிக்கன் போர்டு’ என்ற மிஷன் சங்கத்தின் மதுரைப் பணிக்களம் ஏறக்குறைய இதே ஊர்கள்தான். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரை வந்தவர்கள் அவர்கள். சிறுமலைக் காய்ச்சலுக்குச் சில உயிர்களைக் கொடுத்த பிறகு, 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்களும் அவர்களே.

1901இல் அதே கொடைக்கானலில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற அமெரிக்க ராணுவக் கப்பல் சுமார் 500 ஆசிரியர்களை மணிலாவில் கொண்டுபோய் இறக்கியது. ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பெற்ற அமெரிக்கா, விடுதலை கேட்ட பிலிப்பினோக்களோடு 1899 முதல் போரிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் அரிச்சுவடி. சிகாகோ சேரிகளில் உழைத்த ஜேன் ஆடம்ஸ் போன்ற சீர்திருத்தக்காரர்கள் இந்த நாடு பிடிக்கும் வேலையை எதிர்த்தார்கள். ஆனால், ‘உலகைத் திருத்துவது நம் கடமை’ என்று நம்பிய அவர்கள் தலைமுறையில் பெரும்பாலோருக்குச் சீர்திருத்தமும் நாடு பிடிப்பதும் ஒரே வேலையாகவே தெரிந்தன.

பிலிப்பைன்ஸைப் போல மதுரையில் பறந்தது அமெரிக்கக் கொடியல்ல. இங்கே அமெரிக்கர்கள் செய்த நன்மைக்கும் செய்யாமல் விட்டதற்கும் இந்த ஒன்றே காரணம் என்று சொல்லிவிடலாம்.

நன்மை முதலில். அதிகாரம் கையில் இல்லாதவன் ஊராரிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன் மதுரையில் ஆஸ்பத்திரி கட்டியபோது, பணத்தில் பெரும்பங்கை இவ்வூர் இந்துச் செல்வந்தர்களே கொடுத்தார்கள். கீழவெளி வீதியின் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ அந்தப் பரம்பரையில் வந்தது. மதம் மாறாமலே மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஊர் கண்டுகொண்டது. மிஷனும் அதற்கு இசைந்துபோனது. 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரி 1904இல் மதுரைக்கு வந்து, பிறகு வைகைக்கு வடக்கே தல்லாகுளத்தில் நிலைகொண்டு அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்ததும் இப்படித்தான். பிலிப்பைன்ஸில் பள்ளிக்கூடம் ஆட்சியின் உறுப்பு. மதுரையில் அது பிள்ளைகளைத் தேடி, பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்று, பிழைத்தாக வேண்டியிருந்தது.

பெண்கள் நடத்திய பணி இன்னும் சுவையானது. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920இல். மிஷனரி ஈவா ஸ்விஃப்ட் அதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்பே, 1884இல், மதுரைக்கு வந்துவிட்டார். டாக்டர் ஹேரியட் பார்க்கர் 1895இல் வந்து பெண்களுக்கான மருத்துவப் பணியை நடத்தினார். சொந்த நாட்டில் ஓட்டுப் போட முடியாதவர்கள் இங்கே நிறுவனங்களை நிர்வகித்தார்கள். கணக்குப் பார்த்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். அவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்ததில் காலனியாட்சி தந்த பாதுகாப்புக்கும் பங்குண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, செய்யாமல் விட்டது. அமெரிக்கச் சீர்திருத்த இயக்கத்தின் பாதி பலம் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ இல்லை, தொழிற்சாலையில் இருந்தது. குழந்தைத் தொழிலாளர்களை மீட்க 1904இல் தேசியக் குழு அமைத்தார்கள். பெண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டிய ஓரிகன் மாநிலச் சட்டத்தை 1908இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஆரப்பாளையத்துக்குப் பக்கத்திலோ, 1890களிலிருந்து ஹார்வி மில் ஓடிக்கொண்டிருந்தது. 1911ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு வைத்த உச்சவரம்பே பன்னிரண்டு மணி நேரம். அந்த மில் தொழிலாளருக்கு 1918இல் சங்கம் கட்டியவர் பாஸ்டனிலிருந்து வந்தவர் அல்ல. மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். அவர் கிறிஸ்தவர்தான், ஆனால் மிஷன்காரர் இல்லை. தொழிலாளரிடையே பேசியதற்காகத் தேசியவாதி வரதராஜுலு நாயுடு கைதானதும் அதே ஆண்டில்தான். பிற்பாடு 1948இல் மிஷனைச் சேர்ந்த கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய பெண்கள் கல்லூரி, மில் நிர்வாகி சர் ஜேம்ஸ் டோக்கின் மனைவி பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரி நல்ல கல்லூரி. ஆனாலும் மிஷனும் மில்லும் எந்த இடத்தில் கைகுலுக்கிக்கொண்டன என்பதை அந்தப் பெயர் காட்டிக்கொடுக்கிறது.

சாதி விஷயத்தில் அவர்களுடைய கண்டிப்பு மெச்சத் தக்கது. சேர்ந்து உண்ண மறுத்த உபதேசியார்களையும் சபையாரையும் 1847இலேயே விலக்கி வைத்தார்கள். தரங்கம்பாடி லூத்தரன்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால், அடிமை வைத்திருப்போரைச் சபையிலிருந்து தள்ள அதே அமெரிக்கன் போர்டு தன் நாட்டில் தயங்கியது. அது பொறுக்காமல் 1846இல் சிலர் தனிச் சங்கமே கண்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1896இல், கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் மதுரையின் சமபந்தி பொய்யாகிவிடாது. தூரத்து அநீதியைத் திருத்துவது எப்போதும் எளிது, அவ்வளவுதான்.

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு, பிற நாட்டு மிஷன்கள் அரசியலில் தலையிடுவதில்லை என்று உறுதி எழுதித் தரக் கேட்டது. மதுரை மிஷனும் அந்தக் கட்டுக்குள்தான் இயங்கியது. அது எவ்வளவு இறுக்கமானது என்பது 1930இல் வெளிப்பட்டது. காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டு சென்ற ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸை மதுரை மிஷனைச் சேர்ந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் தன் வீட்டில் தங்க வைத்தார். அதற்காக அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார், 1944இல் மறுபடியும் அனுப்பப்பட்டார், 1947இல் மீண்டும் வந்தார். சின்னாளபட்டிக்கு அருகே சௌந்தரம் ராமச்சந்திரன் தொடங்கிய காந்திகிராமத்தில் இணைந்து, அமெரிக்கச் சீர்திருத்தம் மதுரைக்குக் கொண்டுவராத அந்த மறுபாதியை, கிராமத்து உழைப்பாளியின் பக்கம் நின்று செய்யும் வேலையை, மிஷன் வேலிக்கு வெளியே செய்தார்.