ஒரே கரை, பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பாதை

காலை ஐந்தே முக்கால். மதுரையை அடுத்த கீழக்குயில்குடி அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்ததும் முதல் வேலை, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது. நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து தார்ச்சாலையில் வந்த காற்று இனிமேல் ஆகாது. கொஞ்சம் இறக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீட்டர் டயரில் சரளை மேல் ஓட்ட 35 பி.எஸ்.ஐ. போதும். அழுத்தினால் விரல் லேசாகப் பதிய வேண்டும். டயர் கல் மாதிரி இருந்தால் ஒவ்வொரு பரலும் அதைத் தூக்கிப்போடும், பிடிமானம் இருக்காது. ரொம்ப இறக்கிவிட்டாலும் ஆபத்து: பாறை விளிம்பில் ஏறும்போது ட்யூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு பொத்தல் விழும்.

இந்த விளையாட்டுக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் கிராவல் பைக்கிங். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006-இல் தொடங்கிய பந்தயம் இன்று ‘அன்பவுண்ட்’ என்ற பெயரில் பிரபலம். அதன் முக்கியப் பிரிவில் ஒரே மூச்சில் 200 மைல் ஓட்ட வேண்டும். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலகச் சாம்பியன் போட்டியையே நடத்திவிட்டது. சாலைச் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், அதைவிட அகலமான டயர், சேற்றுக்கு இடம்விட்டு அமைத்த ஃபிரேம். வண்டியின் இலக்கணம் இவ்வளவுதான்.

இதைப் படிக்கும் பலருக்கு இந்த டயர் அளவு வீட்டுக்குள்ளேயே தெரிந்திருக்கும். தாத்தா வைத்திருந்த ஹெர்குலிஸின் டயர் ஓரத்தில் 28×1½ என்று அச்சிட்டிருப்பார்கள். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் வண்டிகள் பலவற்றின் டயர் அகலமும் ஏறக்குறைய அதுதான். நிலையூர்க் கண்மாய்க்கரையில் ஒரு நாள் பால்காரர் ஒருவர் பின்னால் இரண்டு பக்கமும் கேன் தொங்க, கியர் இல்லாத அப்படிப்பட்ட வண்டியில் எனக்கு முன்னால் போனார். கால் மணி நேரம் அவர் பின்னாலேயே போனேன். பிரேக்கைத் தொடவே இல்லை. பள்ளம் வருவதற்குப் பத்தடி முன்னாலேயே மிதிப்பதை நிறுத்தி, சீட்டிலிருந்து இடுப்பை ஒரு விரற்கடை தூக்கி, வண்டியைத் தன்போக்கில் இறங்கி ஏற விட்டார். கேன் மூடி சத்தம் போடவில்லை. பயிற்சியாளர்கள் பல வாரம் எடுத்துச் சொல்லித்தரும் நுட்பம் அந்த இடுப்பில் இருந்தது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பாதை எங்களுக்கு? பதினைந்து கிலோமீட்டர் புதியவருக்கு, நாற்பது பழகியவருக்கு, எண்பது தேர்ந்தவருக்கு என்று தூரத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். மலை நாடுகளில் இதோடு ஏற்றத்தையும் கூட்டிக்கொள்வார்கள். மதுரைச் சமவெளியில் இந்தக் கணக்கு எடுபடாது. இங்கே ஏற்றம் என்பது ஓடையில் இறங்கி ஏறுவதுதான். பாதையின் தரத்தைத் தீர்மானிப்பவை மண், தண்ணீர், முள், காற்று ஆகிய நான்கு. நான்கும் மாதத்துக்கு மாதம் மாறும். மாசியில் பத்து வயதுப் பிள்ளை ஓட்டுகிற கரையில் கார்த்திகையில் கைதேர்ந்தவரே இறங்கித் தள்ளுவார். அதனால் பாதைப் பட்டியல் கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைத்தான்.

தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வருகிற புதியவருக்குக் கீழக்குயில்குடிச் சமணர் மலையடிவாரமே போதும். தாமரைக் குளத்தை ஒட்டிக் கிளம்பி, மலையை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு செட்டிப்புடவுப் பக்கம் போய்த் திரும்பலாம். செம்மண்ணும் பொடிச்சரளையும் கலந்த தரை, இறுகியிருக்கும். வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்காமல் இருப்பதற்கும், சக்கரத்துக்குக் கீழே பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பதற்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சரளையில் பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். கல்லைப் பார்த்தால் கல்லில் ஏறும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சைக்கிள் அடிவாரத்தோடு நிற்க வேண்டும். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், ஆயிரம் ஆண்டு கடந்த வட்டெழுத்துகளும் இருக்கின்றன. செட்டிப்புடவுக் குகையருகே மகாவீரர் அமர்ந்திருக்கிறார். கல்குவாரிகளிடமிருந்து இந்த மலையைக் காப்பாற்ற ஊர் மக்களும், பிறகு எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைத்த பசுமைநடைக் குழு நண்பர்களும் நடந்தே பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாறையில் டயர் தடம் விழக் கூடாது.

அடிவாரம் பழகியவருக்குக் கண்மாய்க்கரைகள். கீழக்குயில்குடியிலிருந்து வடிவேல்கரை, தனக்கன்குளம் பக்கமாகப் போய் நிலையூர்க் கண்மாயைத் தொடலாம். திருப்பரங்குன்றம் மலை கண்ணிலேயே இருப்பதால் வழி தவறாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு, நடுவில் டிராக்டர் பதித்த இரண்டு தடம். ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதிலேயே இருக்க வேண்டும். நடுவிலுள்ள புல்மேட்டில் ஏறித் தடம் மாறும்போதுதான் பாதிப் பேர் விழுகிறார்கள். மடைக்குப் பக்கத்தில் மண் குழைந்திருக்கும், கலுங்கில் பாசி படிந்திருக்கும். அங்கே இறங்கி நடப்பதில் ஒரு குறையும் இல்லை. ஓடை கடக்கும் இடத்தில் மணல் கிடந்தால் முன்கூட்டியே இலகுவான கியருக்கு மாறி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, மிதிப்பதை நிறுத்தாமல் கடக்க வேண்டும். நிறுத்தினால் முன்சக்கரம் புதையும். ஆட்டுமந்தை வந்தால் காலை ஊன்றி நின்றுவிடுங்கள். கரை மேய்ப்பவர்களுடையது.

அறுப்புக் காலத்தில் இன்னொரு தொல்லை. பாதையில் பரப்பியிருக்கும் வைக்கோல் ஒரு தாள் போதும். கியர் மாற்றும் டிரெய்லியரின் சிறு சக்கரத்தில் சுற்றிச் சுற்றி இறுகிச் செயினை முடக்கிவிடும். கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கோடையில் கண்மாய் வற்றியதும் சீமைக்கருவேலம் ஆட்சிக்கு வருகிறது. வெட்டிப்போட்ட கிளையில் காய்ந்த முள் எந்தச் சாதாரண டயரையும் துளைக்கும். சீலன்ட் ஊற்றிய ட்யூப்லெஸ் டயர் இங்கே ஆடம்பரம் ஆகாது. அது இல்லாதவர் இரண்டு ட்யூபும் ஒட்டுப் பெட்டியும் எடுத்துக்கொள்ளட்டும். முள்ளைப் பிடுங்காமல் புது ட்யூப் போட்டு, அடுத்த நிமிடமே அதையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டமே வேறு. செம்மண் ஈரத்தில் வழுக்கும், ஆனால் ஓட்டவிடும். திருமங்கலம் பக்கம் தொடங்கும் கரிசல் விடாது. இருபது மீட்டருக்குள் சக்கரம் அப்பம் மாதிரித் தடித்து, ஃபோர்க்கில் அடைத்து நின்றுவிடும். 2023 அன்பவுண்ட் பந்தயத்தில் இதேதான் நடந்தது. ஒட்டுகிற களிமண்ணில் உலகத் தரமான வீரர்களும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெயின்ட் கலக்கும் குச்சியால் சேற்றைச் சுரண்டினார்கள். அந்தக் குச்சி இருந்தவருக்கு நேரம் மிச்சம். அன்று பந்தயத்தின் பாதியைத் தீர்மானித்தது காலின் வலு அல்ல, மண்ணைப் பற்றிய அறிவு. மழை பெய்து இரண்டு நாள் வெயில் காயாமல் கரிசலில் இறங்கக் கூடாதென்று நம் சம்சாரிகள் எல்லோரும் சொல்வார்கள்.

எல்லாம் கைவந்தவர்களுக்கு நான் சொல்வது மேற்குப் பாதை. செக்கானூரணி, கருமாத்தூர் பக்கத்து வண்டித்தடங்களில் புகுந்து, உசிலம்பட்டிச் சீமையைக் கடந்து பெருங்காமநல்லூர் வரைக்கும். போய்வர முழுநாள் ஆகும். நிழல் குறைவு, கடைகள் தள்ளித்தள்ளி இருக்கும், மூன்று லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும். ஆடியில் மேல்காற்று முகத்தில் அறையும். ஆகவே காற்று கிளம்பும் முன் மேற்கே போய்விட்டு, அது வலுத்ததும் முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் கெட்டிக்காரத்தனம். கூட்டமாகப் போனால் ஆளுக்கு ஐந்து நிமிடம் முன்னால் நின்று காற்றை வாங்க வேண்டும்.

இந்தப் பாதையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காற்றும் தூரமும் மட்டும் காரணம் இல்லை. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தச் சீமை ‘கைரேகைச் சட்டம்’ என்றே சொல்லும். அதன் பிடியில் கீழக்குயில்குடியும் இருந்தது. ஆண்கள் இரவானால் காவலில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்து நின்றார்கள், போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது.

அந்தப் பயணத்துக்கு நாங்கள் அய்யனார் கோயிலிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிடுவோம். மலை கறுப்பாகத் தெரியும், முன்விளக்கு வெளிச்சத்தில் சரளை மட்டும் மின்னும். யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. வெயில் ஏறும் முன்னே பெருங்காமநல்லூர் நினைவுத்தூண் முன்னால் சைக்கிள்களை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்போம். பிறகு டயரை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்புவோம்.