ஒற்றை ஸ்பேனர் வண்டி

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமையானால் பழைய டிராக்டரும் கிரீஸ் கையுமாகத் திரிகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், 'நாஸ்டால்ஜியா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாதுன்னு தோணுது.

ஃபெர்குசன் டிஇ20-ஐ எடுத்துக்கோங்க. 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான சாம்பல் நிறச் சின்ன வண்டி. கூடவே ஒரு ஸ்பேனர். வண்டியிலும் கலப்பையிலும் இருக்கிற பெரும்பாலான நட்டுகளுக்கு அது ஒண்ணே போதும். அதன் மேல் அங்குலக் கோடுகள் வேறு. கலப்பையைச் சரிபண்ண அதை வைத்தே அளக்கலாம். கியர் லீவரை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கியரில் நிற்கும்போது தவறியும் கிளம்பாது. ஓட்டுகிறவரே பழுதும் பார்ப்பார் என்று நம்பிச் செய்த வண்டி.

இன்றைய டிராக்டரில் ஒரு சென்சார் கோளாறு என்றாலும் டீலரின் லேப்டாப்புக்காகக் காத்திருக்க நேரலாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாயியின் பழுதுபார்க்கும் உரிமைக்காகத் தனிச் சட்டமே போட்டது. இதோடு வைத்துப் பார்த்தால், டிஇ20-இன் ஈர்ப்பு அது பழசு என்பதில் இல்லை. திறந்து பார்த்தால் புரிகிறது, அதில்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இதில் கிடையாது. பிரிட்டனில் புது டிராக்டர்களுக்கே 1970-இல்தான் அது கட்டாயமானது. சாம்பல் பெயிண்ட் அசலா என்று பார்ப்பவர்கள் இதையும் பார்க்கணும். கண்காட்சியில் நிற்கிற வண்டிக்கு வேண்டாம். சரிவு நிலத்தில் வைக்கோல் இழுக்கிற வண்டிக்கு வேணும்.