கல்லுக்குள் விழிக்கும் கண்

பேருவளைச் சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரி ஒருவர் வைடூரியம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். மொச்சைக்கொட்டை அளவு, தேன் நிறம். எண்ணெய் படிந்த கண்ணாடித் துண்டுபோல மங்கிக் கிடந்தது. “டியூப்லைட்ல பார்க்காதீங்க தம்பி, கண் தூங்கிரும்” என்று சொல்லி விளக்கை அணைத்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக் கல்லுக்கு மேலே பிடித்தார். கல்லின் முதுகில் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு எழுந்து நின்றது. டார்ச்சை நகர்த்தினார், கோடும் வழுக்கிக்கொண்டே கூடப் போனது.

அந்த ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: ஷட்டோயன்ஸி. ரத்தினம் பார்ப்பவர்களும் மரவேலைக்காரர்களும் மட்டுமே பெரும்பாலும் புழங்குகிற சொல். பிரெஞ்சில் ‘ஷா’ என்றால் பூனை. அதிலிருந்து பூனைக்கண்போல மினுங்குவதைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்று பிறந்தது. அந்த வினையிலிருந்து வந்ததுதான் இது. ‘ஃபிளம்பாயன்ட்’ பிறந்ததும் இதே வழியில்தான், சுடரைக் குறிக்கும் சொல்லிலிருந்து. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்குக் காரணம் இந்த வினைவேர்தான். சிவப்பு, வழவழப்பு என்பவையெல்லாம் பொருளின் பண்புகள்; பொருள் சும்மா இருந்தாலும் அவை இருக்கும். ஷட்டோயன்ஸி அப்படியல்ல. நம் இலக்கணப்படி சொன்னால் அது பண்புப்பெயரல்ல, தொழிற்பெயர். கல்லோ விளக்கோ கண்ணோ அசைந்தால்தான் அது நடக்கிறது.

நடப்பது எப்படி என்று அறிய வைடூரியம் வேண்டாம், தையல் பெட்டியில் இருக்கும் பட்டு நூற்கண்டு போதும். ஒற்றை விளக்கின் கீழே அதைப் பிடித்துப் பாருங்கள். நூல் குறுக்கே சுற்றியிருக்கும். ஒளிக்கோடு அதை வெட்டிக்கொண்டு நெடுக்காக ஓடும். ஒவ்வொரு இழையிலும் ஒளி ஒரே ஒரு புள்ளியில்தான் நம் கண்ணை நோக்கித் திரும்புகிறது. அந்தப் புள்ளிகள் அடுக்கி நிற்பதுதான் கோடு. வைடூரியத்துக்குள் இந்த நூலின் வேலையைச் செய்பவை ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும் நுண்ணூசிகளும் நுண்குழல்களும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிழைகள் ஆயிரமாயிரமாய் ஒரே திசையில் படுத்திருந்தால்தான் கல்லுக்குக் கண் உண்டு. டியூப்லைட்டில் ஒளி எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் கோடு கரைந்துவிடுகிறது. வியாபாரி ‘தூங்கிரும்’ என்றது இதைத்தான்.

அந்தக் கண்ணைத் திறந்துவைப்பவர் கல் வெட்டுகிறவர். வைரத்துக்குப்போல இதற்குப் பட்டைகள் தீட்டினால் கண் செத்துவிடும். கும்மட்டம்போலக் குவித்துத்தான் தீட்ட வேண்டும். முதலில் ஊசிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லின் அடித்தளம் அவற்றுக்கு இணையாக அமைய வேண்டும். நீள்வட்டக் கல்லானால் ஊசிகள் அகலவாட்டில் கிடக்க வேண்டும். அப்போதுதான் கோடு நெடுக்காக வரும். கொஞ்சம் திசை பிசகினாலும் கண் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கும்மட்டம் தட்டையாகிப்போனால் கோடு அகன்று கலங்கும். கைக்குள் அடங்கும் ஒரு கல்லில் இத்தனை கணக்கு.

நல்ல கல்லுக்கு இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சினால், விளக்கை ஒட்டிய பாதி தேனாகவும் மறுபாதி பாலாகவும் தெரியும். பாலும் தேனும் என்றே ரத்தினக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். இரண்டு விளக்குகளுக்கு நடுவில் வைத்துக் கல்லைச் சுழற்றினால் ஒரு கோடு இரண்டாகப் பிரியும், பிறகு மூடிக்கொள்ளும். பூனை இமைப்பதுபோலவே இருக்கும். கண்ணாடி இழைகளை ஒட்டிச் செய்த போலிக் கற்களிலும் கோடு உண்டு, அளவுக்கு மீறிய கூர்மையோடு. அவற்றைப் பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேன்கூட்டு அறைகள்போல இழைமுனைகள் தெரிந்துவிடும்.

சொல்லைப் பயன்படுத்துவதிலும் இப்படிப் பிரித்தறியும் கூர்மை வேண்டும். முத்தின் வானவில் மினுக்கம் ஷட்டோயன்ஸி அல்ல. மயில்கழுத்து நிறப் பட்டும் அல்ல. பாவும் ஊடையும் வேறு வேறு நிறமானதால் வரும் மாயம் அது. சந்திரகாந்தக் கல்லின் நீலப் பூச்சும் வேறு. ஊசிகள் மூன்று திசைகளில் கிடந்து ஆறு கதிர் விரியும் நீலக்கல்லுக்கும் தனிச் சொல் உண்டு. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும், இலங்கையில் கிடைத்த 563.35 காரட் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ அந்த வகை. இணையான இழைகள், அவற்றுக்குக் குறுக்கே நகரும் ஒளி: இவை இரண்டும் இருக்கும் இடத்தில்தான் ஷட்டோயன்ஸி என்று சொல்லலாம்.

அதனால்தான் மரத்துக்கு இச்சொல் பொருந்துகிறது. வயலினின் முதுகுக்கு எடுக்கும் மேப்பிள் பலகையில் நார்கள் அலையலையாய் ஓடுவதுண்டு. ஒரு வரி ஒளிரும், அடுத்த வரி இருளும். வயலினைச் சற்றே சாய்த்தால் இருண்டது ஒளிரும், ஒளிர்ந்தது இருளும். வார்னிஷ் பூசுகிற கைவினைஞர் இந்த ஆட்டத்தை மறைக்காமல் ஆழப்படுத்தப் பாடுபடுகிறார்.

இந்தச் சொல்லைக் கற்றபின் என் வீட்டு எவர்சில்வர் தட்டையும் வேறு கண்ணால் பார்க்கிறேன். வட்டம் வட்டமாக மெருகேற்றிய நுண்கீறல்கள்மேல் ஒளி விசிறியாய் விரிந்திருக்கும். தட்டைச் சுழற்றினால் விசிறி அசையாது. தலையை நகர்த்தினால் கூடவே வரும்.

வைடூரியத்தை ஆங்கிலத்தில் ‘பூனைக்கண்’ என்பார்கள்; அடைமொழி இல்லாமல் அப்படிச் சொன்னால் கிரிசோபெரில் என்ற கனிமத்தில் கிடைப்பது மட்டும்தான். கிரேக்கத்தில் ‘கிரிசோஸ்’ பொன். ‘பெரில்’ என்ற பகுதி கிரேக்கம் வழியாகப் போய்ச் சேருமிடம் பிராகிருதத்தின் ‘வேளுரிய’. நம் வைடூரியத்தின் உடன்பிறப்பு. பிரெஞ்சுப் பூனையின் பெயர் கேட்டு நான் தேடிப்போன கல், என் மொழிக்குப் பக்கத்து வீட்டுச் சொல்லைத் தன் பெயருக்குள்ளேயே வைத்திருந்தது.

வியாபாரி டார்ச்சை அணைத்தார். கல் மறுபடி மங்கலாய்ப் படுத்துக்கொண்டது. அதற்குள் கண் இருப்பது எனக்குத் தெரியும் என்பதால், திருப்பிக் கொடுக்க மனம் வராமல் இன்னொரு தடவை டார்ச் கேட்டேன்.