அழைப்பும் அழைக்கப்படாதோரும்

தமிழ் முஸ்லிம்களின் எழுத்து மரபைப் பேசும்போது நாம் காப்பியங்களையும் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் நினைவுகூர்கிறோம். ஆனால் நம் வீடுகளில் மிகக் கவனமாக வாசிக்கப்படும் எழுத்து ஒன்று உண்டு. அதை எவரும் இலக்கியமாக எண்ணியதில்லை. அதுதான் நிக்காஹ் அழைப்பிதழ். பிஸ்மியில் தொடங்கி, ஸலாம் கூறி, ஹிஜ்ரி ஆண்டையும் மாதத்தையும் பிறையையும் குறித்து, ‘இன்ஷா அல்லாஹ்’ என்னும் சொல்லோடு நாளை நிர்ணயித்து, பெரியவர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, மணமக்களுக்காக துஆச் செய்ய வருமாறு வேண்டி முடியும் இச்சிறு எழுத்து, ஒரு குடும்பத்தின் வரலாற்றையும் உறவையும் உள்மனத்தையும் ஒரே தாளில் காட்டிவிடும். யார் பெயர் முதலில் வந்தது, எந்தத் தாய்மாமன் பெயர் விடுபட்டது என்பதைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நீடித்த மனத்தாங்கல்களை நம் ஊர்கள் அறியும்.

அந்தத் தாள் இப்போது நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. இணையத்தின் வழியே விருந்தினரை அழைத்து, வருவோர் வராதோரைக் கணக்கிட்டுத் தரும் சேவைகள் புதியனவல்ல. அமெரிக்காவில் ‘ஈவைட்’ 1998இலேயே தொடங்கிவிட்டது. நம்மிடையே இம்முறை பரவியது வாட்ஸ்அப் வழியாகத்தான். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்று இந்திய அரசு வரம்பு விதித்தபோது, கைப்பேசி அழைப்பு ஒரு வசதி என்ற நிலையிலிருந்து தேவையாக மாறிற்று. வரம்பு நீங்கிய பின்னும் வழக்கம் நிலைத்துவிட்டது. இன்று வரும் அழைப்பு, பூக்கள் விரியும் ஓர் அசைபடம். பின்னணியில் ஒரு நஷீத். மணநாளுக்கு எஞ்சிய நாள்களையும் மணிகளையும் எண்ணிக்காட்டும் கடிகாரம். மண்டபத்துக்கு வழிகாட்டும் வரைபடம். இறுதியில் ‘வருகிறேன்’, ‘வர இயலாது’, ‘ஒருவேளை’ என மூன்று பொத்தான்கள். எத்தனை பேர் என்று நிரப்ப ஒரு கட்டம்.

இதைக் கண்டு முகம் சுளிப்போரும் உளர். முன்னேற்றம் என்று மெச்சுவோரும் உளர். இரண்டும் எளிய நிலைப்பாடுகள். கருவி தன்னளவில் ஆகுமானதா என்பது இங்கே பெரிய கேள்வியன்று. தாள் வந்தபோதும் அது புதுமைதான். அழைத்தல் என்னும் செயலுக்கு நம் மார்க்கமும் மரபும் எந்தப் பொருளை அளித்தனவோ, அப்பொருளை இப்புதிய எழுத்து தாங்குகிறதா என்பதே நாம் கேட்க வேண்டியது.

அழைப்பு ஒரு கடமையை உண்டாக்குகிறது

ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமைகளுள் ஸலாமுக்குப் பதிலுரைப்பது, நோயாளியை நலம் விசாரிப்பது, ஜனாஸாவைப் பின்தொடர்வது ஆகியவற்றோடு அழைப்பை ஏற்பதும் ஒன்றாக ஹதீஸில் எண்ணப்பட்டுள்ளது. தமிழகக் கரையோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், திருமண வலீமாவுக்கான அழைப்பை ஏற்றுச் செல்வது தக்க காரணமில்லாதபோது கடமையாகும் என்பதே வலுவான கருத்து. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ முதலிய நூல்களும் அவற்றின் விரிவுரைகளும் அக்கடமைக்குரிய நிபந்தனைகளை நுணுக்கமாக வகுத்துள்ளன. அழைப்பு செல்வந்தருக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது. அழைக்கப்படுபவரின் பதவிக்கு அஞ்சியோ அதன்மீது ஆசை கொண்டோ அழைத்ததாக இருத்தலாகாது. அழைக்கப்படுபவர் குறிப்பாகச் சுட்டப்பட்டிருக்க வேண்டும். ‘விரும்பியவர் வரலாம்’ என்று பொதுவாக அறிவித்தாலோ, ‘உமக்கு விருப்பமானால் வாரும்’ என்று சொன்னாலோ, செல்வது கடமையாகாது. விருந்தளிப்பவர் தாமே அழைக்கலாம். நம்பிக்கைக்குரிய தூதர் வழியாகவும் அழைக்கலாம்.

தூதர் ஏற்கப்படும் என்றால் கைப்பேசியை மட்டும் மறுப்பதற்கில்லை. எனவே சிக்கல் கருவியில் இல்லை, சுட்டுதலில்தான் இருக்கிறது. ஒருவருடைய பெயரைச் சொல்லி அழைப்பதும், பல நூறு பேர் அடங்கிய குழுவில் ஓர் அசைபடத்தை இட்டுவிட்டு நகர்வதும் ஒன்றாகா. குழுவில் இடப்பட்டதைக் கண்டவர் தாம் அழைக்கப்பட்டாரா, அன்றி அறிவிக்கப்பட்டாரா என்று தடுமாறுகிறார். ஃபிக்ஹின் அளவுகோலால் பார்த்தால் பின்னதற்கே அது நெருக்கமானது. அழைத்தவரோ எல்லாரையும் அழைத்துவிட்டதாக நிம்மதி அடைகிறார். வராதவர்மீது வருத்தமும் கொள்கிறார். கடமையை உண்டாக்காத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கடமை நிறைவேறவில்லை என்று குறைகூறுவது முறையாகுமா?

இவ்விடத்தில் அழைப்பிதழ்களில் நிலைத்துவிட்ட ஒரு வாக்கியத்தை ஆராய வேண்டும். ‘இதனையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்’ என்பது அது. அச்சிதழ்க் காலத்தில் இவ்வாக்கியத்துக்கு ஓர் அருமை இருந்தது. கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த உறவினருக்கு அஞ்சலில் சென்ற தாளில், கடலைத் தாண்ட இயலாதவரின் உண்மையான மன்னிப்புக் கோரலாக அது நின்றது. பக்கத்துத் தெருக்காரருக்கு அத்தாளை எடுத்துக்கொண்டு ஒருவர் நடந்தே சென்றார். பெண்கள் வீடு வீடாகச் சென்று வாயால் சொல்லி வந்தார்கள். இன்று அதே வாக்கியம் அடுத்த வீட்டுக்கும் செல்கிறது. இயலாமையின் மொழி, இயன்றும் செய்யாமையின் மொழியாகிவிட்டது. சொற்கள் மாறவில்லை, அவற்றின் வாய்மைதான் மாறியிருக்கிறது.

எண்ணிக்கை என்னும் சோதனை

‘எத்தனை பேர்?’ என்னும் கட்டத்தைப் பலர் குறைகூறுவர். நாம் அவ்வளவு விரைந்து குறைகூற மாட்டோம். எண்ணிக்கையைக் குறித்து நபிவழியிலேயே ஒரு நயமான ஒழுங்கு உண்டு. அபூஷுஐப் (ரலி) என்னும் அன்ஸாரித் தோழர் ஐவருக்கென உணவு சமைக்கச் செய்து, நபி (ஸல்) அவர்களை ஐவருள் ஒருவராக அழைத்தார். வழியில் ஆறாவதாக ஒருவர் பின்தொடர்ந்தார். நபியவர்கள் அவரை மௌனமாக உள்ளே அழைத்துச் சென்றுவிடவில்லை. வாசலில் நின்று, இவர் எங்களைத் தொடர்ந்து வந்துள்ளார், விரும்பினால் அனுமதிக்கலாம், இல்லையேல் திரும்பிவிடுவார் என்னும் கருத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். அவர் அனுமதித்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் இந்நிகழ்ச்சி, விருந்தளிப்பவரின் அளவை மதிக்கும் பண்பையும் வந்தவருக்கு வாசலைத் திறக்கும் பண்பையும் ஒருங்கே கற்பிக்கிறது.

ஆகவே வருவோர் தொகையை முன்னறிய விரும்புவது குற்றமன்று. அதனால் வீண்விரயம் குறையுமாயின் அது நன்மையே. வருவதாகச் சொல்லிவிட்டு வராதவரால் எத்தனை தேக்சா பிரியாணி மறுநாள் வீணாகிறது என்பதை விருந்து நடத்தியவர் அறிவர். ஆனால் அபூஷுஐபிடம் கேட்டது ஒரு மனிதர். அனுமதித்ததும் ஒரு மனிதர். பொத்தானுக்கு ஆறாவது மனிதரைத் தெரியாது. ‘இருவர்’ என்று நிரப்பியவர் வீட்டுக்கு அன்று ஊரிலிருந்து வந்த விருந்தாளி, அக்கட்டத்தில் இடமில்லாதவராகிறார்.

நம் கரையோர ஊர்களின் ‘சஹன்’ இதற்கு எதிரான ஒரு கணக்கைக் கற்றுத்தந்தது. பலர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் அம்முறையில், புதிதாக ஒருவர் வந்தால் இருப்பவர் சற்று நெருங்கி அமர்வர், அவ்வளவுதான். இருவர் உணவு மூவருக்கும், மூவர் உணவு நால்வருக்கும் போதும் என்னும் நபிமொழியின் பொருளை விரிவுரையின்றி விளக்கியது அந்தத் தட்டு. தலைக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு விலை என்று சமையல் ஒப்பந்தம் பேசப்பட்ட பின்னரே ‘எத்தனை பேர்?’ என்னும் கேள்விக்கு இத்தனை கூர்மை வந்தது. கணக்கின் கடுமை கைப்பேசியிலிருந்து பிறக்கவில்லை. கைப்பேசி அதற்கு ஒரு கட்டத்தை மட்டும் வரைந்து கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. நோன்பு நோற்றிருப்பவரும் அழைப்பை ஏற்க வேண்டும். அவர் உண்ணாவிடினும் விருந்தளித்தோருக்காக துஆச் செய்யட்டும் என்னும் வழிகாட்டல் ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. அவ்வாறாயின் விருந்துக்கு வருவதன் சாரம் உண்பதன்று, உடனிருப்பதும் வேண்டுவதுமே. உண்போர் தொகையை மட்டும் கேட்கும் படிவம் அந்த நோன்பாளியை எங்கே சேர்க்கும்?

பட்டியலுக்கு வெளியே

நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் தீயது என்னும் எச்சரிக்கை, அபூஹுரைரா (ரலி) வழியாக வந்துள்ளது. பழைய முறையில் ஏழையை விடுவதற்கு ஒருவர் அவருடைய வாசலைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. கடக்கும்போது உள்ளம் உறுத்தும், ஊரும் பார்க்கும். இன்று அப்படி ஒரு நடை தேவையில்லை. கைப்பேசியில் எவருடைய எண் உள்ளதோ அவரே பட்டியல். எண் இல்லாதவர் விலக்கப்படவில்லை, நினைவுக்கே வரவில்லை. வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் மற்றொரு நுணுக்கமும் இருக்கிறது: அனுப்புபவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கே செய்தி சென்று சேரும். அனுப்பியவர் அனுப்பிவிட்டேன் என்கிறார். பெறாதவர் தாம் மறக்கப்பட்டதாக எண்ணுகிறார். இருவரும் பொய்யரல்லர், ஆயினும் இடையில் ஓர் உறவு முறிகிறது.

நாம் அறிந்த ஒரு திருமணத்தில், மணமகளைக் குழந்தைப் பருவத்தில் தூக்கி வளர்த்த ஒரு மூதாட்டி அழைக்கப்படாது போனார். அவரிடம் கைப்பேசி இல்லை. வேண்டுமென்று எவரும் விடவில்லை. ‘குழுவில் போட்டாகிவிட்டது’ என்ற நிறைவில் வீட்டார் இருந்தனர். விருந்து முடிந்தபின் தெரிந்து, மணமகளே நேரில் சென்று கைபிடித்து அழுதாள். அம்மூதாட்டி துஆச் செய்து அனுப்பினார் என்பது அவருடைய பெருந்தன்மை. நம் முறையின் சிறப்பன்று.

ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் திருமணத்தின்போது நிகழ்ந்தது நம் சிந்தனைக்குரியது. அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) ‘ஹைஸ்’ என்னும் இனிப்பைச் செய்து, ஒரு பாத்திரத்தில் மகனிடம் கொடுத்தனுப்பினார். நபி (ஸல்) அவர்கள் சிலரைப் பெயர் சொல்லி அழைத்துவரப் பணித்தார்கள். அதோடு வழியில் எதிர்ப்படுவோரையும் அழைக்கச் சொன்னார்கள். வந்தோர் ஏறத்தாழ முந்நூறு பேர் என்றும், பத்துப் பத்துப் பேராக அமர்ந்து உண்டனர் என்றும் அனஸ் அறிவிக்கிறார். இங்கே அழைப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டிருக்கிறது. ஒன்று பட்டியல், மற்றது பட்டியலுக்கு வெளியே வழியில் காணும் மனிதன். நம் புதிய கருவிகள் முதற்பகுதியை நம்மினும் திறம்படச் செய்கின்றன. இரண்டாம் பகுதியை அவற்றால் செய்ய இயலாது. ஏனெனில் அவை தெருவில் நடப்பதில்லை.

அதே விருந்தில், உண்டபின்னும் எழாமல் பேசிக்கொண்டிருந்தோரைக் குறித்தே அல்குர்ஆன் 33:53 அருளப்பெற்றது. உணவு ஆயத்தமாகுமுன் வந்து காத்திருக்கலாகாது, அழைக்கப்பட்டால் நுழைய வேண்டும், உண்டால் கலைந்து செல்ல வேண்டும் என அவ்வசனம் ஒழுங்கு கற்பிக்கிறது. நேரத்தைத் தெளிவாகக் குறிப்பதும், இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதும், நினைவூட்டல் அனுப்புவதும் இவ்வொழுங்குக்குத் துணைசெய்பவையே. அவற்றைப் பாராட்டத் தயங்கமாட்டோம். அச்சுக்கும் தங்க முலாம் எழுத்துக்கும் கொட்டும் பணம் மிச்சமாவதும் நன்றே. அப்பணம் ஏழைப் பெண்ணொருத்தியின் நிக்காஹுக்குச் செல்லுமாயின் இன்னும் நன்று.

ஆயினும் எச்சரிக்கைகள் சில உள. செய்தி வாசிக்கப்பட்டதைக் காட்டும் நீலக்குறி 2014இல் வாட்ஸ்அப்பில் வந்தது முதல், ‘பார்த்தும் பதில் தரவில்லை’ என்னும் புதுவகை மனத்தாங்கல் நம்மிடையே பிறந்துள்ளது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு பணிக்கும் 49:12 வசனத்தை இங்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். மணமகளின் ஒளிப்படமும் வீட்டு முகவரியும் எல்லையின்றிப் பரவுவது அமானிதம் தொடர்பான விஷயம். 2024இல் திருமண அழைப்பு என்ற பெயரில் தீய செயலிக் கோப்புகள் அனுப்பப்பட்டுப் பணம் திருடப்படுவதாக இமாசலப் பிரதேசக் காவல் துறை மக்களை எச்சரித்தது. அறிமுகமற்ற எண்ணிலிருந்து வரும் அழைப்பைத் திறக்க அஞ்சும் காலத்தில், வாயால் சொல்லப்படும் அழைப்பின் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

எனவே நாம் வேண்டுவது பழைய தாளுக்குத் திரும்புதல் அன்று. தொலைவில் உள்ளோருக்குக் கைப்பேசி போகட்டும். அதிலும் பெயர் சொல்லி ஒரு வரி சேரட்டும். நடந்து சென்றடையக் கூடிய வாசலுக்கு மனிதரே செல்லட்டும். பட்டியலை முடிக்குமுன், இதில் எண் இல்லாதவர் யார், ஏழை யார், முதியவர் யார் என்று வீட்டார் ஒருமுறை கூடி அமர்ந்து கேட்டுக்கொள்ளட்டும். எண்ணிக்கைக் கட்டத்தில் நிரம்பியதற்கு மேலும் சில சஹன்கள் வழியில் எதிர்ப்படுவோருக்கென ஒதுக்கப்படட்டும். ‘நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்’ என்னும் வாக்கியத்தை, நேரில் செல்ல இயலாத இடத்துக்கு மட்டும் எழுதுவோம். அப்போது அது மீண்டும் மெய்யாகும்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.