வந்தேறிக்கு ஒரு பெயர்: 'கௌல்'

கோர்மாக் மக் குலெனான் அயர்லாந்தின் காஷெலில் அரசராகவும் ஆயராகவும் ஒருசேர இருந்தவர். 908இல் போர்க்களத்தில் மாண்டார். அவர் பெயரால் வழங்கும் 'சனஸ் கோர்மாக்' பழைய ஐரிஷ் மொழியின் அருஞ்சொற்பொருள் தொகுப்பு. அதில் 'கௌல்' என்ற சொல்லுக்கு விசித்திரமான ஒரு விளக்கம் இருக்கிறது. நட்டு நிறுத்திய கல்லுக்குக் 'கௌல்' என்று பெயர். அத்தகைய கற்களை அயர்லாந்தில் முதலில் நட்டவர்கள் காலியா நாட்டவர் என்பதே காரணமாம். தொல்லியலாளர் இதை ஏற்க மாட்டார்கள். அந்தக் கற்களில் பல வெண்கலக் காலத்தவை. ஆனால் சொல்லின் வேர் விஷயத்தில் அந்தப் பழைய புலவர் வழி தவறவில்லை. இன்றைய பிரான்சு அன்று காலியா. அந்நாட்டவரைக் குறிக்கும் லத்தீன் 'கல்லுஸ்' என்பதிலிருந்தே 'கௌல்' வந்தது என்பது மொழியியலாளர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் முடிவு.

அந்தச் சொல் காலியாக்காரனோடு நிற்கவில்லை. கடல் கடந்து யார் வந்து இறங்கினாலும் அவர்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து இரண்டின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை இந்த ஓரசைச் சொல்லைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்துவிடலாம்.

வைக்கிங்குகளின் முதல் தாக்குதலை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் 795இல் பதிவு செய்கின்றன. துறவிகள் அவர்களை முதலில் 'புறச்சமயத்தார்' என்று எழுதினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் 841இல் டப்ளினில் கப்பல்தளம் அமைத்துத் தங்கியபின், அவர்களுக்குக் 'கௌல்' என்ற பெயர் நிலைத்தது. பத்தே ஆண்டுகளில் இன்னொரு கூட்டம் வந்து முன்னவர்களோடு மோதியது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் முன்னவர்கள் 'ஃபின் கௌல்' ஆனார்கள், பின்னவர்கள் 'டுவ் கௌல்' ஆனார்கள். நேர்ப்பொருள் வெள்ளை அயலார், கறுப்பு அயலார்.

இந்த நிறப் பிரிவு அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. வெள்ளையர் நார்வேக்காரர், கறுப்பர் டென்மார்க்காரர் என்பது பழைய விளக்கம். இரு நாட்டாருக்கும் தோலிலோ முடியிலோ அப்படியென்ன வேறுபாடு என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. 1970களில் ஆல்ஃபிரட் ஸ்மித் 'வெள்ளை' என்றால் பழையவர், 'கறுப்பு' என்றால் புதியவர் என்று வாதிட்டார். பின்னால் வந்த கிளேர் டவுனம் போன்றோர், தாய்நாட்டைவிட எந்தத் தலைவனின் ஆட்கள் என்பதே இப்பெயர்களில் முக்கியம் என்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை. பெயர்கள் மட்டும் மக்களிடம் தங்கிவிட்டன. டப்ளினுக்கு வடக்கே உள்ள ஃபிங்கல், ஒலியில் 'ஃபின் கௌல்' போலிருந்தாலும், 'அயலார் குடி' என்று பொருள்படும் 'ஃபின்னே கௌல்'. டப்ளின் விமான நிலையம் அந்த மண்ணில்தான் இருக்கிறது. 'டுவ் கௌல்' ஆள்பெயராகி மெக்டூகல் ஆயிற்று, டாய்ல் ஆயிற்று. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாய்லின் குடும்பப் பெயருக்குள் ஒரு கறுப்பு அயலான் ஒளிந்திருக்கிறான்.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரிஷ் மன்னர் பிரியன் போருவின் வழியினருக்காக, 'கேலர் அயலாரோடு நடத்திய போர்' என்ற வரலாற்றுப் புகழ்நூல் எழுந்தது. கேலர் என்றால் ஐரிஷ் பேசிய உள்நாட்டார். 1014இல் குளொன்டார்ஃபில் நடந்த சண்டையை அது இரண்டு இனங்களின் போராக வரைகிறது. உண்மையில் அன்று லென்ஸ்டர் நாட்டுக் கேலர் டப்ளின் வைக்கிங்குகளின் பக்கம் நின்றுதான் பிரியனை எதிர்த்தார்கள். எல்லைக்கோடு அந்த அளவுக்கு அழிந்திருந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஆண்டுக்குறிப்புகளில் 'கௌல் கேலர்' என்ற கலப்புப் பெயர் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் கேலோவே வட்டாரம் அவர்கள் பெயரால் ஆனது.

இந்தக் கலப்புக்கு நல்ல சாட்சி 1259இல் நடந்த ஒரு திருமணம். கொனாக்ட் இளவரசர் ஏத் ஓ கோனஹூர் ஹெப்ரிடீஸ் தீவுத் தலைவர் டூகல் மக் ரூரியின் மகளை மணந்தார். சீராக வந்தது பொன்னோ மாடோ அல்ல, 160 படைவீரர்கள். 'கௌலோக்லாக்' எனப்பட்ட, கோடரி ஏந்திய அயல் வீரர்கள் இப்படித்தான் அயர்லாந்துப் படைகளில் இடம் பிடித்தார்கள். 'மேக்பெத்' நாடகத்தில் ஷேக்ஸ்பியரும் அவர்களைக் குறிப்பிடுகிறார். பெயரில்தான் அயலார், பேசியதென்னவோ கேலரின் கேலிக் மொழி.

1169இல், இங்கிலாந்தை ஆண்டுவந்த நார்மன்கள் அயர்லாந்தில் இறங்கியதும் 'கௌல்' பட்டம் கைமாறியது. அவர்களும் நாளடைவில் ஐரிஷ் பேசினார்கள், ஐரிஷ்காரர் வீட்டில் பெண்ணெடுத்தார்கள். இதைத் தடுக்க 1366இல் கில்கென்னியில் ஆங்கில அரசு சட்டம் போட்டது: குடியேறியவர்கள் ஐரிஷ் பேசக்கூடாது, ஐரிஷ் பெயர் வைக்கக்கூடாது, மணவுறவும் கூடாது. ஆங்கிலத்தைக் காக்க வந்த அந்தச் சட்டம் எழுதப்பட்டிருப்பது பிரெஞ்சில்.

17ஆம் நூற்றாண்டில் புதிய ஆங்கிலக் குடியேறிகள் வந்தபோது சொல்லுக்கு அடைமொழி தேவைப்பட்டது. நார்மன் மரபினர் 'ஷான் கௌல்', அதாவது பழைய அயலார். வந்தவர்கள் 'நூவா கௌல்', புதிய அயலார். பழைய அயலார் குடும்பத்தில் பிறந்த ஜெஃப்ரி கீட்டிங் என்ற கத்தோலிக்கக் குருதான் 1634 வாக்கில் அயர்லாந்தின் வரலாற்றை ஐரிஷ் மொழியில் எழுதி முடித்தார். கேலரையும் தம் போன்ற பழைய அயலாரையும் சேர்த்து 'ஏரின்னி', அயர்லாந்துக்காரர், என்றே குறித்தார். ஐரிஷ் உரைநடைக்கு முன்மாதிரி என்று இன்றும் காட்டப்படுவது இவருடைய நடை.

எதிர்ச்சொல்லான 'கேல்' மட்டும் உள்ளூர்ச் சரக்கா என்றால் அதுவும் இல்லை. அதன் பழைய வடிவமான 'கோய்தெல்' வேல்ஸ் மொழியிலிருந்து கடன் வாங்கியது. 'காட்டான்' என்ற பொருளில் கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் இட்ட பெயராக அது இருக்கலாம் என்பது பரவலான கருத்து. தங்களைக் குறிக்க அயலார் தந்த சொல், அயலாரைக் குறிக்கவும் இரவல் சொல்.

ஆட்களோடு பண்டங்களும் வந்தன. வால்நட் ஐரிஷில் 'கௌல்க்னோ', அயல் கொட்டை. ஆங்கிலப் பெயரில் உள்ள 'வால்' என்பதற்கும் அயல் என்றே பொருள். எலிக்கு ஐரிஷ்காரர் வைத்த பெயர் 'ஃப்ரான்காக்', பிரெஞ்சுக்காரன். நம் பரங்கிக்கும் இந்த ஃப்ரான்காக்குக்கும் வேர் ஒன்றே, 'ஃப்ராங்க்' என்ற இனப்பெயர். ஒரு பால்வினை நோய்க்கு ஐரிஷில் பிரெஞ்சு அம்மை, தமிழில் பரங்கிப்புண்.

ஸ்காட்லாந்தில் கதை வேறு திசையில் போனது. 1266 வரை நார்வே அரசரின் கீழ் இருந்த ஹெப்ரிடீஸுக்குக் கேலிக்கில் 'இன்ஷே கௌல்', அயலார் தீவுகள். கேலிக் பேசும் மேட்டுநிலம் 'கேல்டாக்ட்'; பேசாத தாழ்நிலம் 'கௌல்டாக்ட்'. ஆனால் 2022 கணக்கெடுப்பில், மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேலிக்கில் ஏதேனும் ஒரு திறன் இருந்த ஒரே உள்ளாட்சிப் பகுதி அந்த அயலார் தீவுகளைச் சேர்ந்த மேற்குத் தீவுகளே.

அயர்லாந்திலும் அதே விளையாட்டு. வடமேற்கின் டோனிகல் 'டூன் நா ஙௌல்', அயலார் கோட்டை; ஐரிஷ் இன்னும் வீட்டுமொழியாக இருக்கும் முக்கிய வட்டாரங்களில் ஒன்று அங்கே உள்ளது. தென்மேற்கே கெர்ரியின் கடலோரத்தில் 'பால்யா நா ஙௌல்', அயலார் ஊர். 2005இல் நடைமுறைக்கு வந்த இடப்பெயர் ஆணைப்படி ஐரிஷ் பேசும் பகுதிகளின் ஊர்களுக்கு ஐரிஷ் பெயரே சட்டப் பெயர் என்பதால், ஆங்கிலத்தில் பாலிடேவிட் எனப்படும் இவ்வூருக்கும் அதுவே. 1972இல் தொடங்கிய ஐரிஷ் மொழி வானொலியான ராடியோ நா கேல்டாக்டாவின் கெர்ரி நிலையம் இயங்குவதும் இந்த ஊரிலிருந்துதான்.