தண்டவாளத்தின் அகலம்

மலாயாவின் முதல் ரயில் பாதை எங்கள் ஊரில்தான் போடப்பட்டது. 1885, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, எட்டு மைல். ஈயம் ஏற்றிப் போவதற்காகப் போட்ட பாதை இன்று இல்லை. போர்ட் வெல்ட் இப்போது கோலா செபெத்தாங். அங்கே பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது, தமிழிலும் ஊர்ப்பெயரைத் தாங்கிக்கொண்டு. ஆனால் அந்தப் பாதையின் அகலம் போகவில்லை. அன்றைக்கு ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். இன்றைக்கும் கேடிஎம் ரயில் அதே ஒரு மீட்டரில்தான் ஓடுகிறது.

தைப்பிங், செலாமா, பாகான் செராய் பக்கத்துத் தோட்டங்களின் நினைவுகளுக்கு ஓர் இணையத்தளம் தொடங்கலாம் என்று நாங்கள் நாலு பேர் உட்கார்ந்த அன்று இந்த ஒரு மீட்டர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எந்த மென்பொருளில் தொடங்குவது? "முகநூல் போதும் லா, எல்லாரும் அங்கதான இருக்காங்க" என்றார் ஒருவர். அடுத்தவர் வேர்ட்பிரஸ் என்றார். மூன்றாமவர் விக்கி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த பேச்சு மூன்று வாரம் இழுத்தது. இழுத்ததில் தப்பில்லை. நாவலா சிறுகதையா என்று முடிவு செய்யும்போதே எதைச் சொல்ல முடியும், எதை விட வேண்டியிருக்கும் என்பதும் பாதி முடிவாகிவிடும். மென்பொருளும் அப்படித்தான்.

முகநூல் பேச்சுக்கான இடம். யாராவது லயத்து வீட்டின் பழைய படம் ஒன்றைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் வருவார்கள், "இது எங்க மாமா" என்பார் ஒருவர். அடுத்த வாரம் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், வீடு நம்முடையதில்லை. சுங்கைப்பட்டாணி மருத்துவர் ஜெயபாரதி நடத்திய 'அகத்தியர்' குழு யாஹூவில்தான் இயங்கியது. 2020 டிசம்பரில் யாஹூ தன் குழுமங்கள் அத்தனையையும் மூடியது. அதற்கு முன்பே 2009-இல் ஜியோசிட்டிஸ் போனது. மூடும்போது குடியிருப்பவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்ததும் அவர்கள் வாழ்ந்து பார்த்தவை.

வேர்ட்பிரஸ் நம் கையில் இருக்கும். அது பத்திரிகை வடிவம்: புதியது மேலே, பழையது கீழே. கதை, கட்டுரை போட அதைவிட வசதி கிடையாது. ஆனால் ஒரு தோட்டம் தேதி வரிசையில் வாழ்வதில்லை. கிராணி கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும், சனங்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். விக்கியில் 'வழிமாற்று' என்று ஒன்று உண்டு. எந்தப் பெயரில் தேடினாலும் அதே பக்கத்தில் கொண்டுபோய் விடும். பாட்டி சொன்ன பெயரும் செல்லும். பள்ளிக்கூடம் எந்த வருஷம் மூடினார்கள் என்று இரண்டு பேர் சண்டை போட்டால் அதற்கு 'உரையாடல்' பக்கம், யார் எதை எப்போது மாற்றினார் என்பதற்கு 'வரலாறு'. சண்டையும் ஆவணமாகிவிடுகிறது.

இதைச் செய்து காட்டியவர்கள் ஈழத்தவர்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைத் தெரிந்தவர்கள் 2005-இல் 'நூலகம்' தளத்தைத் தொடங்கினார்கள். அது ஓடுவது மீடியாவிக்கியில். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், ஒரு நூலக எண், ஸ்கேன் செய்த பிரதி. அலங்காரம் ஒன்றும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அரசாங்க அலுவலகம் மாதிரி இருக்கும். இலங்கைத் தமிழில் கோவில் மலர், பள்ளி ஆண்டு மலர், சின்னச் சஞ்சிகை என்று எதைத் தேடினாலும் நான் முதலில் போகும் இடம் அதுதான்.

ஆனாலும் விக்கி என்று சொன்னதும் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2022-இல் வந்த தமிழ் விக்கியும் ஓடுவது அதே மீடியாவிக்கியில்தான். முதலாவதில் யாரும் திருத்தலாம். இரண்டாவதில் ஆசிரியர் குழு பார்த்த பிறகே ஏறும். நூலகத்தில் நடப்பது அடுக்கிவைக்கும் வேலை. மென்பொருள் ஒன்று, சமூகம் மூன்று. ஆகவே சாவி யாரிடம் என்ற கேள்வியை மென்பொருள் தீர்க்காது. அதை நாம்தான் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். எங்கள் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் மென்பொருள் பெயரைச் சொல்லிக்கொண்டு உண்மையில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். "நான்தான் காசு கட்டறேன்" என்ற வாக்கியம் வந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

விக்கி மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. அது எல்லாரையும் ஒரே குரலில் பேச வைக்கும். விடியக் காலை நாலரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன ஓர் அம்மா, கலைக்களஞ்சிய நடையில் 'தொழிலாளர்கள்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுவார். அவர் பேசியது பேசியபடி இருக்க வேண்டும். நூலகக்காரர்கள் ஒலி, படம், காணொளிக்கு 'ஆவணகம்' என்று தனித் தளமே வைத்ததில் பாடம் இருக்கிறது. தகவல் ஒரு வடிவம் கேட்கும், குரல் இன்னொரு வடிவம் கேட்கும்.

கடைசியில் இப்படி முடிவெடுத்தோம். பெரியவர்கள் புலனத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களை விக்கியில் எழுதப் பழகச் சொல்வது அநியாயம். அதனால் சேகரிப்பது புலனத்தில். குரல் பதிவை வெட்டாமல் அப்படியே வைப்பது ஓரிடத்தில். தோட்டத்துக்கு ஒரு பக்கம் என்று விக்கியில் கட்டி, அங்கிருந்து குரலுக்கு இணைப்பு. கடவுச்சொல் மூன்று பேரிடம், அதில் ஒருவர் தைப்பிங்கில் இல்லாதவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழுப் பிரதியை இறக்கி இரண்டு வீட்டில் வைப்பது. நாங்கள் நாலு பேரும் சண்டை போட்டுப் பிரிந்தாலும் ஐந்தாவது ஆள் அந்தப் பிரதியை எடுத்துப்போய் வேறு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்கப்போகிறீர்கள் என்றால், எது சுலபம், எது அழகு என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நாம் இல்லாத நாளில் இதை வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக வரும்வரை தண்டவாளம் போடாதீர்கள். போட்டபின் அகலத்தை மாற்றுவது கஷ்டம்.

எங்கள் தளத்தில் இதுவரை ஆறு பக்கம். ஆறிலும் வழிமாற்று இருக்கிறது.