நன்மையின் பெயரால்: வசீலி குரொஸ்மனின் நாவலை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

மத நம்பிக்கை மனித குலத்துக்கு இழைத்த தீங்கு பெரிதா, கடவுளை மறுத்து மண்ணுலகிலேயே பொன்னுலகம் சமைக்கப் புறப்பட்ட இலட்சியங்கள் இழைத்த தீங்கு பெரிதா என்னும் வாதம் அறிவாளர் மத்தியில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. ஒரு சாரார் சிலுவைப் போர்களையும், சமய விசாரணை மன்றங்களையும், 1618 முதல் 1648 வரை ஜெர்மானிய நிலத்தைப் பாழாக்கிய முப்பதாண்டுப் போரையும் எடுத்துக்காட்டுவர். மறு சாரார் 1932-33 இல் சோவியத் நாட்டில் நிகழ்ந்த பஞ்சத்தையும், 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் பொல் பொட் ஆட்சி நடத்திய படுகொலைகளையும் சுட்டுவர். பிணங்களை இரு தட்டுகளிலும் இட்டு நிறுத்துப் பார்க்கும் இவ்வாதத்தில் ஒவ்வொருவரும் எதிராளியின் தட்டையே நிரப்புகின்றனர். தத்தம் தட்டை நோக்குவாரில்லை. தம் தட்டை நோக்கத் துணிந்த எழுத்தாளர் ஒருவரின் படைப்பை முன்னிட்டு இவ்வினாவை ஆராய்வது பயனுடைத்து.

வசீலி குரொஸ்மன் 1905 இல் உக்ரேனின் பெர்தீச்செவ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது செஞ்சேனையின் நாளேட்டுக்கு நிருபராகி, ஸ்டாலின்கிராட் போர்முனையில் நின்று எழுதியவர். அவருடைய தாயார் 1941 இல் பெர்தீச்செவ்வில் நாஜிகளாற் கொல்லப்பட்டார். திரெப்ளிங்காக் கொலைமுகாமைப் பற்றி 1944 இலேயே உலகுக்கு எடுத்துரைத்தோருள் இவரும் ஒருவர். ஆகவே, புரட்சியின் பகைவரென்றோ பாசிசத்தின் கொடுமையை அறியாதவரென்றோ இவரை எவரும் ஒதுக்கிவிட முடியாது. இவர் எழுதி முடித்த ‘வாழ்வும் விதியும்’ என்னும் பெருநாவலின் படிகளை 1961 பெப்ரவரியில் அரசின் இரகசியப் பொலிசார் கைப்பற்றிச் சென்றனர். ஆசிரியரை வெளியே விட்டு நூலைச் சிறைப்படுத்தினர் எனலாம். 1964 இல் அவர் மறைந்தார். நாவல் 1980 இல் சுவிற்சர்லாந்திலும், 1988 இலேயே அவருடைய தாய்நாட்டிலும் வெளிவந்தது.

ஜெர்மானிய முகாமொன்றிற் சிறைப்பட்டிருக்கும் இக்கொன்னிக்கொவ் என்னும் பாத்திரமே நமது வினாவை நேர்நின்று எதிர்கொள்வது. டோல்ஸ்டாயின் வழியைப் பின்பற்றிய அம்மனிதர், கூட்டுப் பண்ணை இயக்கம் விண்ணரசை மண்ணுக்குக் கொணரும் என ஒரு காலத்தில் நம்பினார். குலாக்குகள் எனப் பெயர் சூட்டப்பட்ட குடும்பங்கள் வேரோடு பிடுங்கப்பட்டதைக் கண்டதும் அந்நம்பிக்கை தகர்ந்தது. பின்னர், யூதர்கள் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டதைக் கண்ணாற் கண்டபோது கடவுள் நம்பிக்கையும் அற்றுப்போனது. முகாமிலே தாம் கட்டுவது நச்சுவாயுக் கூடம் என்று அறிந்ததும், செய்ய வேண்டியது யாதென உடனிருந்த கத்தோலிக்கக் குருவை வினவுகின்றார். எல்லோருந்தானே வேலை செய்கின்றனர், இறைவன் மன்னிப்பார் என்கின்றார் குரு. தமக்கு மன்னிப்பு வேண்டாமென்று கூறி வேலை செய்ய மறுக்கும் இக்கொன்னிக்கொவ் கொல்லப்படுகின்றார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளே எஞ்சுகின்றன.

அக்குறிப்புகள் கூறுவது இதுவே: மனிதர் அனைவருக்கும் பொதுவாயிருந்த நன்மை என்னும் கருத்து, காலப்போக்கில் ஒரு மதத்தின் நன்மையாகவும், ஓர் இனத்தின் நன்மையாகவும், ஒரு வர்க்கத்தின் நன்மையாகவும் சுருங்கியது. அன்பைப் போதித்த கிறிஸ்தவமே சமய விசாரணையை ஈன்றது. சமத்துவத்தைப் போதித்த கொள்கையே கிராமங்களைப் பட்டினியில் ஆழ்த்தியது. தீமை புரிவோரிலும் நன்மையின் பெயராற் செயற்படுவோரே மிகுதியான குருதியைச் சிந்தியுள்ளனர். எனவே, மனிதனுக்கு எஞ்சியிருப்பது தத்துவமில்லாத, சாட்சியில்லாத, தனி மனிதனிடத்துத் தோன்றும் இரக்கம் ஒன்றே. இதற்குச் சான்றாக, தன் கணவரைப் பிடித்துச் சென்ற படையைச் சேர்ந்த சிப்பாய் ஒருவன் வயிற்றிற் குண்டு பட்டுக் கிடக்கையில், அவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரு கிழவியை அவர் காட்டுகின்றார்.

இக்குற்றச்சாட்டுக்கு முற்போக்காளர் வழக்கமாகக் கூறும் விடைகள் இரண்டு. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதா.

முதலாவது, கேள்வியே குறையுடையது என்பது. அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நிலவிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மடிந்தனர். நிவாரணப் பொறுப்பிலிருந்த பிரித்தானியத் திறைசேரி அதிகாரி சார்ள்ஸ் ட்ரெவெலியன், 1848 இல் வெளியிட்ட தமது நூலில் அதனை இறைவனின் செயலாகவே கண்டார். சந்தையின் விதிகளில் தலையிடலாகாது என்றும் கருதினார். அப்பிணங்களை எத்தட்டில் இடுவது? 1943 இல் வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் மக்கள் மாண்டனர். அவர்களைக் கொன்றது வேதமும் அன்று, பொன்னுலகக் கனவும் அன்று. போர்க்கால ஏகாதிபத்திய நிருவாகமும் தானியப் பதுக்கலுமே. மதமா இலட்சியமா என்று மட்டும் கேட்பது, இலாபத்தையும் சாம்ராச்சியத்தையும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவதாகும்.

இரண்டாவது, நோக்கங்களின் வேறுபாடு. நாவலில் லீஸ் என்னும் நாஜி அதிகாரி, முதிய போல்ஷெவிக்கான மொஸ்தொவ்ஸ்கோயை அழைத்து, நாமிருவரும் ஒருவருக்கொருவர் கண்ணாடி என்கின்றான். அது நஞ்சு தோய்ந்த வாதம். ஓர் இனத்தை அழிப்பதையே நோக்கமாகக் கொண்ட கொள்கையையும், ஒடுக்கப்பட்டோரின் விடுதலையை நோக்கமாகக் கொண்ட கொள்கையையும் ஒன்றெனக் கொள்ளல் தகாது.

ஆனால், இவ்வாறு கூறிவிட்டு நாம் எழுந்து போய்விடலாமா? 1932 ஆகஸ்ட் 7 ஆந் திகதிச் சட்டம், கூட்டுப் பண்ணைச் சொத்தைத் திருடுவோருக்கு மரண தண்டனை விதிக்க இடமளித்தது. அறுவடையான வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களும் அதனால் தண்டிக்கப்பட்டனர். 1933 ஜனவரியில் உக்ரேனியக் குடியானவர்கள் உணவு தேடி வெளியேறுவதும் தடுக்கப்பட்டது. பஞ்சத்தின் நடுவிலும் தானிய ஏற்றுமதி நின்றபாடில்லை. மாண்டோர் தொகையை 50 முதல் 70 இலட்சம் வரை மதிப்பிடுவர். பசியால் இறந்த குழந்தைக்கு, கொன்றவரின் நோக்கம் உயர்ந்தது என்பதால் ஆறுதல் யாது? குரொஸ்மனின் இறுதிப் படைப்பான ‘யாவும் ஓடிக்கொண்டிருக்கும்’ என்பதில், அந்நாளில் தானே ஊழியராகச் சென்ற பெண்ணொருத்தி பேசுகின்றாள். அவர்கள் மனிதர் அல்லர், குலாக்குகள் என்று சொல்லிச் சொல்லியே தன் மனம் இறுகியதை அவள் ஒப்புக்கொள்கின்றாள். முற்காலத்தில் ‘மதத் துரோகி’ என்னும் சொல் செய்த வேலையை இக்காலத்தில் ‘குலாக்கு’ என்னும் சொல் செய்தது. சொல் முந்திச் சென்று மனிதனை அகற்றிவிட, கை பின்சென்று கொன்றது.

இங்கு இலக்கியத்தின் பொறுப்பு யாது என்ற வினா எழுகின்றது. கூட்டுப் பண்ணையாக்கத்தைப் பாடும் ஷோலகோவின் நாவலின் முதற் பாகம் 1932 இல் வெளிவந்தது. 1933 ஏப்ரலில் அதே ஷோலகோவ், தம் மாவட்டத்துக் குடியானவர்கள் தானியத்துக்காக வதைக்கப்பட்டதையும் பட்டினியால் இறப்பதையும் விரிவாக எழுதி ஸ்டாலினுக்குக் கடிதங்கள் அனுப்பினார். துணிவுமிக்க செயல் அது. குடியானவர்கள் ஆட்சிக்கு எதிராக மௌனப் போர் நடத்துகின்றனர் என்று கண்டித்த ஸ்டாலின், தானியமும் அனுப்புவித்தார். பல உயிர்கள் பிழைத்தன. எனினும், பல்லாண்டு கழித்து நிறைவெய்திய அந்நாவலின் கதை 1930 ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றது. பஞ்சம் அதில் இல்லை. ஆட்சியாளருக்குக் கடிதம், வாசகருக்கு நாவல் எனப் பிரிந்து நின்றது உண்மை. கோர்க்கியின் ‘தாய்’ முதலானவற்றைத் தமிழிற் படித்து வளர்ந்த நமக்கும் அந்நாவல்களே கிடைத்தன; கடிதங்கள் கிடைக்கவில்லை.

எனினும், ஷோலகோவின் கடிதம் இக்கொன்னிக்கொவ்வுக்கும் ஒரு மறுப்பாகும். தனி மனித இரக்கம் ஒரு குவளை தண்ணீரைக் கொடுக்கும். தானிய வண்டிகளை மாவட்டத்துக்குக் கொணராது. தண்ணீர் கொடுத்த கிழவியை வணங்குவோம். ஆயின், அக்கிழவியரின் இரக்கம் மட்டும் பாசிசத்தை முறியடித்திருக்குமா? இதனைக் குரொஸ்மன் என்னும் கலைஞர் அறிந்தேயிருந்தார். ஸ்டாலின்கிராட்டில் எதிரிகளாற் சூழப்பட்ட 6/1 ஆம் இலக்க வீட்டைக் கிரேக்கொவ் தலைமையில் ஒரு சிறு குழு காத்து நிற்கின்றது. அங்கே மேலோர் கீழோர் இல்லை, அஞ்சாமற் பேசுகின்றனர், அஞ்சாமற் போரிடுகின்றனர். ஒழுங்கை நிலைநாட்டவென அனுப்பப்படும் கிரிமொவ் என்னும் அரசியல் அதிகாரி, அச்சுதந்திரத்தையே குற்றமாகக் கண்டு அறிக்கை எழுதுகின்றார். பின்னர் அவரே சிறைப்படுகின்றார். இக்கொன்னிக்கொவ்வின் குறிப்புகள் காணாத ஒன்றை அவ்வீடு காட்டுகின்றது: மனிதர் ஒன்றுபட்டுப் போராடவும் முடியும், அதன்பொருட்டு நாவை அடகுவைக்க வேண்டியதுமில்லை.

ஆகவே, தராசை ஒதுக்கிவைத்து வேறொரு வினாவைக் கேட்போம். எந்த நன்மை யாருக்காக என்று கூறப்படுகின்றதோ, அவர்கள் ‘வேண்டாம்’ என்றும் ‘வலிக்கின்றது’ என்றும் சொல்ல இடமுண்டா? இடமில்லாத விடத்து, மறுமையின் பெயராலாயினும் வருங்காலத்தின் பெயராலாயினும் விளைவது ஒன்றே. இலட்சியத்தைக் கைவிடுமாறு இந்நாவல் நம்மிடம் கோரவில்லை என்பதே என் வாசிப்பு. சமத்துவ உலகை விரும்புவோர், அவ்வுலகின் பெயரால் இறந்தவர்களின் கணக்கைப் பகைவர் எழுதட்டும் என்று விட்டுவிடலாகாது. தாமே எழுத வேண்டும். ஆசிரியர்கள் வகுப்பறையில் சமய விசாரணை மன்றங்களைக் கற்பிக்கும் அதே குரலில் 1933 ஐயும் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்பிப்பவரின் வாயிலிருந்து வரும்போதே, சமத்துவம் என்னும் சொல்லை மாணவர் நம்புவர்.